'முதல் பக்கம் உத்தரவாதம்' என்ற பேச்சை நம்பி நான் ஏமாந்த கதை

காங்கேயத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு மரச்செக்கு இருக்கிறது. தேங்காய் எண்ணெயை ஆன்லைனிலும் விற்கிறோம். ஆறே மாதத்தில் கூகுளில் முதல் பக்கம் உத்தரவாதம் என்று ஒரு எஸ்இஓ ஏஜென்சி (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை செய்பவர்கள்) வந்தது. மாதம் 15,000 ரூபாய். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அதை நான் படித்தது 90,000 ரூபாய் போன பிறகு.

முதல் மாதமே ஸ்கிரீன்ஷாட் வந்தது. 'சார், முதலிடம்!' வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். எதைத் தேடினால் முதலிடம் என்று அப்புறம்தான் கவனித்தேன்: 'காங்கேயம் சுத்தமான மரச்செக்கு தேங்காய் எண்ணெய் ஆன்லைன் சிறந்த கடை'. இப்படி எந்த மனுஷன் தேடுவான்?

அடுத்து, தளத்தில் 140 புதுப் பக்கங்கள் முளைத்திருந்தன. அண்ணா நகரில் செக்கு எண்ணெய், வேளச்சேரியில் செக்கு எண்ணெய், தாம்பரத்தில் செக்கு எண்ணெய். ஊர்ப் பெயரைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. அங்கெல்லாம் எங்களுக்குக் கடையும் இல்லை. தேடலில் ஆள் பிடிக்க மட்டுமே போடும் இதற்கு டோர்வே பக்கங்கள் என்று பெயர். 2006-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளத்தையே இதற்காகக் கூகுள் தேடலிலிருந்து தூக்கியது. பெரிய கம்பெனி, சில நாளில் திரும்பி வந்துவிட்டது.

தளத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, கூகுள் மட்டும் படிக்க நூறு சொற்களை ஒளித்து வைத்திருந்தார்கள். பக்கம் முழுவதையும் மவுஸால் இழுத்துத் தேர்வு செய்தால் தெரியும். நீங்களும் உங்கள் தளத்தில் செய்து பாருங்கள். எங்கள் எண்ணெய் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஒரு கட்டுரை வேறு. அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா போன் செய்து விசாரித்தார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கூசிப்போனேன்.

ஏழாவது மாதம் ஆர்டர் சுத்தமாக நின்றது. காரணம் கேட்டால், 'அல்காரிதம் மாறிடுச்சு சார்.' தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோல் கணக்கு அவர்களுடைய மெயிலில் இருந்தது, எனக்கு எதுவும் தெரியாது. டொமைன், அதாவது தளத்தின் முகவரி, என் பெயரில் இருந்ததால் தப்பித்தேன். நானே உரிமையை நிரூபித்து உள்ளே போனால், கூகுளின் எச்சரிக்கை இரண்டு மாதமாகக் கிடக்கிறது: இயல்புக்கு மாறான இணைப்புகள். மற்ற தளங்கள் லிங்க் கொடுத்தால் கூகுள் மேலே ஏற்றும் என்று கணக்குப் போட்டு, ரம்மி தளம், வெளிநாட்டுக் கடன் தளம் என்று காசு கொடுத்து எங்களுக்கு லிங்க் வாங்கியிருக்கிறார்கள். 2012-இல் இப்படிப்பட்ட லிங்க்குகளைப் பிடிக்கக் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தபோதே அடி வாங்கிய வித்தை இது. தெரியாமலா செய்திருப்பார்கள்?

140 பக்கங்களையும் அழித்தேன். கெட்ட இணைப்புகளைப் பட்டியலிட்டு, எடுக்கச் சொல்லி அந்தத் தளங்களுக்கு மெயில் போட்டேன். பதில் வராதவற்றை, 'இவற்றைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளுக்குச் சொல்லும் மறுதலிப்புக் கோப்பில் சேர்த்தேன். இரண்டு முறை கூகுளுக்கு மறுபரிசீலனை கேட்டு எழுதினேன், இரண்டாவதுதான் ஏற்கப்பட்டது. தடை நீங்க நான்கு மாதம். பழைய இடம் இன்னும் வரவில்லை.

இப்போது நானே எழுதுகிறேன். மார்கழியில் எண்ணெய் உறைந்துவிட்டதே, கலப்படமா என்று வருஷா வருஷம் கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்று, களத்தில் கொப்பரை காயும் படத்தோடு ஒரு பக்கம் போட்டேன். தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள்.

போன வாரம் அதே ஏஜென்சியிலிருந்து போன். கூகுள் தண்டனையை நீக்கித் தரும் புது பேக்கேஜ் இருக்கிறதாம். எவ்வளவு என்று கேட்காமலே வைத்துவிட்டேன்.