சிலையை எடுப்பதா, பக்கத்தில் பலகை வைப்பதா?

கறை படிந்த பெரிய மனிதர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே வாக்குவாதம்தான். தீர்வு என்று சொல்லப்படுபவை இரண்டு: பெயரையும் சிலையையும் எடுத்துவிடுவது, அல்லது விட்டுவைத்து, செய்த கொடுமையைப் பக்கத்தில் எழுதி வைப்பது.

எடுப்பது சுலபம். இனப்பிரிவினையை ஆதரித்த முன்னாள் அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சனின் பெயரைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2020-இல் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து நீக்கியது. ஆனால் பெயர் போனதும் பேச்சும் நின்றுவிடலாம்.

எழுதி வைப்பது கேட்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் ஒரே இழுபறி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895-இல் வைத்த சிலையில் புதுப் பலகை பொருத்தப் பார்த்தார்கள். எந்தச் சொல் இருக்கலாம், எது கூடாது என்று சண்டை. 2019-இல் திட்டம் நின்றது. மறுவருடம் ஜூனில் போராட்டக்காரர்கள் சிலையைச் சாய்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அப்புறம் அதை மீட்டு, மேலிருந்த கிறுக்கல்களை அழிக்காமல் அருங்காட்சியகத்தில் படுக்கவைத்தார்கள். எந்தப் பலகையும் இவ்வளவு சொல்லியிருக்காது!

என் கணக்கு இது: பீடம் என்பது மரியாதை, அதைத் திரும்பப் பெறலாம். எழுத்தும் வாழ்ந்த வீடும் சாட்சி, அவை இருக்கட்டும். எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய, பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். மான்டிசெல்லோவில் உள்ள அவர் வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.