புள்ளி அந்துப்பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட்: சில பருவங்கள் பயன்படுத்தியபின்

சணப்பை வயலோரம் பகலில் நடந்தால் காலடியிலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பிச் சற்றுத் தள்ளிப் புல்லில் உட்காரும். வெண்ணிற முன்னிறகில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். இறகு விரித்தால் 3 முதல் 4 செ.மீ. இது யூடெதைசா பேரினம். படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் பேரினம் வரை நம்பலாம். அதற்குக் கீழே அது காட்டும் இனப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது.

இந்தப் பேரினத்தின் பல்கெல்லா, லோட்ரிக்ஸ், பல்கெல்லாய்டிஸ் என்ற மூன்று இனங்களுக்கும் முன்னிறகு ஏறக்குறைய ஒன்றுதான். உட்கார்ந்ததும் இறகுகளை உடம்போடு சுருட்டிக்கொள்வதால் பின்னிறகு மறைந்துவிடும். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்துச் செயலி சொல்வது ஊகம்தான். பின்னிறகின் கறுப்பு ஓரப்பட்டை தெரிய வேண்டுமானால், பூச்சியை ஒளி ஊடுருவும் சிறு டப்பாவில் விட்டு, அது சுவரில் ஏறும்போது அடிப்பக்கத்தை எடுக்க வேண்டும். டப்பாவுக்கு அடியில் மில்லிமீட்டர் கட்டத்தாள் வைத்தால் அளவும் கிடைத்துவிடும். சில நிமிடத்தில் பிடித்த செடியிலேயே விட்டுவிடலாம்.

கைபேசியில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ் இதற்கு அவ்வளவாக உதவாது. சில செ.மீ. நெருங்கினால்தான் ஃபோகஸ் ஆகும்; அதற்குள் பூச்சி பறந்திருக்கும். கையெட்டும் தூரத்தில் 2 மடங்கு ஜூம் போதும். வெள்ளை இறகு வெயிலில் வெளுத்துப்போய்ப் புள்ளிகளின் விளிம்பு கரையும். எனவே திரையில் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். செதில் உதிர்ந்த பழைய பூச்சியில் சிவப்பு மங்கியிருக்கும்; அதை வேறு இனம் என்று எண்ண வேண்டாம்.

செடியையும் தனியே ஒரு படம் எடுத்துச் சேருங்கள். புழுக்கள் சணப்பை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்றவற்றைத் தின்று அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. பகலில் துணிந்து பறப்பதும் அந்தத் தைரியத்தில்தான். ஆனால் செடியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அதே கிலுகிலுப்பைக் காயைத் துளைக்கும் ஆர்ஜினா ஆஸ்ட்ரியா என்ற வேறு அந்துப்பூச்சியும் புள்ளிக்காரன்தான். அதன் முன்னிறகே மஞ்சள் கலந்த ஆரஞ்சு, கறுப்புப் புள்ளிகளைச் சுற்றி வெளிர் வளையம். சிவப்புப் புள்ளி கிடையாது.

இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைப்பவர்கள் சாதாரண எல்.இ.டி. பல்பை நம்ப வேண்டாம். அதில் புற ஊதாக்கதிர் மிகக் குறைவு. அந்துகள் அதிகம் வராது. இந்தப் பூச்சிக்காக மட்டுமென்றால் பகல் நடையே போதும்.

வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிய படத்தைப் பதிவேற்றாதீர்கள். எடுத்த நேரமும் இடமும் அதில் அழிந்துவிடும். இடம் இல்லாவிட்டால் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் இதே பேரினத்து ஆர்னேட்ரிக்ஸும் செயலி காட்டும் பட்டியலில் எட்டிப் பார்க்கக்கூடும். அதன் பின்னிறகு இளஞ்சிவப்பு, நம்முடையது வெள்ளை.

இன்னொரு தொல்லை: யாரோ பல்கெல்லா என்று போட, அடுத்தவர் பார்க்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்த, பதிவு ஆய்வுத் தரத்துக்கு, அதாவது செயலியில் உறுதியானதாகக் கருதப்படும் நிலைக்கு, ஏறிவிடுகிறது. பின்னிறகு தெரியாத படமென்றால் பேரினத்தோடு நிறுத்தி, 'இதற்குமேல் துல்லியப்படுத்த முடியாது' என்ற பொருளில் உள்ள கட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். மற்றவர்களும் பேரினத்தை ஒப்புக்கொண்டால் அதே நிலையில் ஆய்வுத் தரம் கிடைக்கும்.