ஸ்விட்ச் போர்டுக்குள் வைஃபை மாட்யூல்: லைட், ஃபேனுக்கு ஓகே

இந்த மாட்யூலை போர்டுக்குள் வைத்துவிட்டால் லைட், ஃபேனைப் போனிலும் போடலாம், பழைய ஸ்விட்சிலும் போடலாம். அம்மாவுக்கு அதுதான் முக்கியம். ஆனால் கூட வந்த தாளில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) பற்றி ஒரே வரி! எங்கள் ஹால் போர்டில் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைன், டிவி பிளக் மெயின் லைன். இரண்டின் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்தால் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தைக் கண்டு கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சான 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிவிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, டிவியை மாட்யூலில் சேர்க்கவே இல்லை. கெட்டிக்காரர்.

கீசருக்கு வேண்டவே வேண்டாம். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மாட்யூலில் ஒரு சேனல், அதாவது ஒரு ஸ்விட்சுக்கான இணைப்பு, தாங்குவது 5 தான். அப்புறம், ரிலே (மாட்யூலுக்குள் கரண்டைப் போட்டு அணைக்கும் குட்டி ஸ்விட்ச்) போடும் ‘டக்’ சத்தம் ராத்திரியில் கொஞ்சம் எரிச்சல்.