சேலத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? ‘ரைசன் 5’ என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள்

சேலத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கே ஒரு கடையில் எங்களிடம் ரைசன் 5 7600 பிராசசருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, ரைசன் 5 8400எஃப் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால், “நம்பர் பெருசுதானே அண்ணா, உங்களுக்கு லாபம்தான்” என்று பதில். லாபமே இல்லை. 8400எஃப் விலை குறைந்தது, கேமில் வேகமும் குறைந்தது. நம்பரைப் பார்த்து யாரும் எளிதாக நம்பிவிடுவார்கள் என்பதால்தான் இந்த வேலை நடக்கிறது.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். அக்கா பையன் எங்கள் வீட்டில் தங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். பகலில் எனக்கு எடிட்டிங், ராத்திரி அவனுக்கு கேம். ஒரே மெஷின் இரண்டு பேருக்கும் ஆக வேண்டும், ஐந்தாறு வருஷமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் பிராசசர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாமல் இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்த்தோம்: இன்டெல் ஐ5-13400எஃப், ஏ.எம்.டி. ரைசன் 5 7600. இரண்டுமே 2023 ஜனவரியில் வந்தவை.

13400எஃப்-இல் 10 கோர் (வேலை செய்யும் உள் பிரிவு), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்). அதில் 6 பெரிய கோர், 4 சிறிய கோர். வீடியோவை ரெண்டர் போடும்போது எல்லாக் கோரும் சேர்ந்து உழைப்பதால் இது சளைக்காது, பல இடங்களில் 7600-ஐ முந்தவும் செய்யும். பழைய டிடிஆர்4 ரேமையே போட்டுக்கொள்ளலாம் என்பதால் மொத்தச் செலவும் குறையும். 7600-இல் 6 கோர், 12 த்ரெட்தான். ஆனால் வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்.பி. (13400எஃப்-இல் 20 எம்.பி.). கேமில் அதுதான் கை கொடுக்கும்.

எங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது மதர்போர்டு. 13400எஃப் உட்காரும் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட் இன்டெல்லின் 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா வரிசைக்கு வேறு சாக்கெட், அதாவது வேறு போர்டு. 7600 உட்காரும் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி-கூட பழைய பி650 வகை ஏ.எம்.5 போர்டில் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் ஓடுகிறது. நாலு வருஷம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்றால், இன்றைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தப்பில்லை.

தொழில்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் கேமரா 4:2:2 10-பிட் எச்.265 வீடியோ (நிற விவரம் அதிகம் பதிவாகும் வகை) எடுக்கிறது என்றால் கணக்கு மாறும். அந்த வீடியோவை இன்டெல்லின் உள்கிராஃபிக்ஸ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ்) தடுமாறாமல் ஓட்டும், ஆர்.டி.எக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அந்த வசதி கிடையாது. அப்படிப்பட்டவர்கள் 13400 வாங்கலாம், கடைசியில் ‘எஃப்’ இல்லாததாகப் பார்த்து. ‘எஃப்’ என்றால் உள்கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். என் கேமராவில் வருவது 4:2:0தான், அதனால் எனக்கு இந்தக் கவலை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. அதில் முதல் வரியிலேயே ‘ரைசன் 5 7600’ என்று தெளிவாக இருந்தது. பி650 போர்டு, 32 ஜி.பி. டிடிஆர்5 ரேம், ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு. முழுப் பணமும் கட்டினோம். மறுநாள் மெஷின் தயார். வாங்கிவந்த பில்லில் மற்ற எல்லாப் பொருளுக்கும் மாடல் நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் இருந்தது. பிராசசருக்கு மட்டும் ‘ஏ.எம்.டி. ரைசன் 5 பிராசசர் - 1’. பிராசசர் பெட்டியைக் கேட்டதற்கு, “காலிப் பெட்டி எதுக்குங்ணா, குப்பைக்குப் போயிருச்சு” என்றார் அசெம்பிள் செய்த தம்பி.

விஷயம் வெளியே வந்தது என் பழைய இரண்டாவது மானிட்டரால். அதில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டில் இருந்த ஒரே எச்.டி.எம்.ஐ.யில் பெரிய மானிட்டர் ஏறிவிட்டது. 7600-இல் சின்னதாக ஒரு உள்கிராஃபிக்ஸ் இருக்கிறதே, மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ.யில் செருகிக்கொள்ளலாம் என்று செருகினோம். திரை கறுப்பாகவே கிடந்தது. “பயாஸ்ல ஆன் பண்ணணும் மாமா” என்று பையன் மெஷினை அணைத்துப் போட்டு டெலீட் கீயைத் தட்டினான். பயாஸ் திரையின் முதல் பக்கத்திலேயே, வெப்பநிலை காட்டும் இடத்துக்கு மேலே, பிராசசரின் பெயர்: ரைசன் 5 8400எஃப். விண்டோஸுக்குள் போய் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்தால் அங்கும் அதே பெயர். கீழே எல்3 கேஷ் 16 எம்.பி. இல்லாத உள்கிராஃபிக்ஸை எந்த பயாஸில் போய் ஆன் செய்வது?

இந்த இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கடைக்காரர் கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன். இரண்டும் ஜென் 4 கட்டமைப்புதான், இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட்தான். முதல் எண் 8 என்பதால் அடுத்த தலைமுறை ஆகிவிடாது. 8400எஃப் லேப்டாப்புக்காகச் செய்த சிப்பை டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்து, உள்கிராஃபிக்ஸை முடக்கி விற்கும் மாடல். வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரைதான். கேஷ் சரிபாதி.

அந்தக் கேஷ்தான் கேமில் அடிக்கிறது. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் கல்லாவுக்குப் பின்னால் கைக்கு எட்டும் அலமாரி ஒன்று இருக்கும், தெருவுக்கு அந்தப் பக்கம் குடோன் இருக்கும். அலமாரி பெரிதாக இருந்தால் கேட்டதும் எடுத்துக் கொடுக்கலாம், சின்னதாக இருந்தால் ஆளை குடோனுக்கு விரட்ட வேண்டும். கேஷ் அலமாரி, ரேம் குடோன். கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இந்த ஓட்டம் நடக்கிறது. கூட்டமான காட்சியில் படம் சட்டென்று திக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் பாதை. 7600 அதற்கு 16 லேன் (தகவல் போய்வரும் தடம்) தருகிறது, 8400எஃப் 8 லேன்தான். எங்களிடம் உள்ள ஆர்.டி.எக்ஸ் 4060-ஏ 8 லேன் கார்டு என்பதால் இன்றைக்கு இதில் நஷ்டம் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். நாளைக்கு 16 லேன் கார்டு வாங்கினால் அது பாதி லேனில்தான் ஓடும். அப்புறம், கிராஃபிக்ஸ் கார்டு ரிப்பேர் ஆனால் 7600 வைத்திருப்பவர் மதர்போர்டில் மானிட்டரைச் செருகி அன்றைய வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். 8400எஃப்-இல் கார்டு திரும்பி வரும்வரை மெஷின் சும்மா கிடக்கும். முகூர்த்த மாசத்தில் ஆல்பம் கேட்டு பெண் வீட்டார் போன் மேல் போன் போடும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

8400எஃப் மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. பட்ஜெட் குறைவு, கணக்கு வழக்கும் கொஞ்சம் கேமும் போதும் என்பவர்கள் அதன் விலைக்கு அதை வாங்கலாம். நான் ஆன்லைனில் பார்த்த அன்றைக்கு இரண்டுக்கும் நாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்த நாலாயிரத்தை எடுத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே “லேட்டஸ்ட் கொடுத்திருக்கோம்” என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை.

கூலர் விஷயம் பிறகுதான் உறைத்தது. 7600 பெட்டியில் வந்தால் ஏ.எம்.டி.யின் ரெய்த் ஸ்டெல்த் கூலர் உள்ளேயே இருக்கும். எங்களுக்குக் கலர் கலராக லைட் அடிக்கும் பெயர் தெரியாத கூலர் ஒன்றை மாட்டி, அதற்குத் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். வந்தது பெட்டி பீஸே இல்லை, ட்ரே பீஸ், அதாவது பெட்டியில்லாமல் மொத்தமாக வரும் சிப். ஏ.எம்.டி.யின் 3 வருஷ வாரண்டி பெட்டி பீஸுக்குத்தான். ட்ரே பீஸ் கெட்டால் விற்ற கடையைத்தான் பிடிக்க வேண்டும். எந்தக் கடையை? இந்தக் கடையை!

நேரில் போனபோது முதலாளியே வந்தார். முதலில் “ஸ்டாக் இல்லைங்க, அதான் அதைவிடப் பெரிசா போட்டோம்” என்றார். கொட்டேஷனைக் காட்டியதும், “பில்லுல ரைசன் 5னுதானே இருக்கு, அதுவும் ரைசன் 5தான்” என்றார். கடைசியில், மாட்டிய பிராசசரைத் திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் ஒரு கீபோர்டும் மவுஸும் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது, ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் தன் மெஷினையும் திறந்து பார்த்தார். அதே கடை, அதே மாதிரி பில். கேட்டது ரைசன் 5 5600, உள்ளே இருப்பது 5500. இதிலும் கேஷ் 32-க்கு 16. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் பாதையும் 5600-இல் பி.சி.ஐ.இ. 4.0, 5500-இல் அதைவிட வேகம் குறைந்த 3.0தான். ஒருமுறை நடந்தால் தவறுதலாக மாறிவிட்டது என்று விட்டுவிடலாம். ஒரே கடையில், கேஷ் பாதியாக உள்ள மாடலாகவே பார்த்து இரண்டு பேருக்கு மாறுமா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இருவரும் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதில் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக முடிவு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிரச்சினை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. விவகாரம் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை, கமென்டில் யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம். நேர்மையாகத் தொழில் செய்யும் கடைகளும் நம் ஊரில் இருக்கின்றன.

வாங்கப் போகிறவர்கள் மெஷினைக் கடையிலேயே ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெயரையும் எல்3 கேஷையும் பாருங்கள். 7600 என்றால் 32 எம்.பி. காட்ட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் மானிட்டரைச் செருகச் சொல்லுங்கள், 7600 என்றால் படம் வரும். பிராசசர் பெட்டியைப் பிரிப்பதை நேரில் பாருங்கள், காலிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பில்லில் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், பில்லில் வெறும் ‘ரைசன் 5’ அல்லது ‘ஐ5’ என்று மட்டும் இருந்தால் இன்றைக்கே மெஷினைத் திறந்து பார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் அந்த வாட்ஸ்அப் கொட்டேஷனை அழித்துவிடாதீர்கள், டாஸ்க் மேனேஜர் திரையையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் புகாருக்கு இன்னும் வலு கூடும்.