2,380 வெள்ளி போச்சு: 'நீங்களே பொருத்தலாம்' சமையலறை அலமாரி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். பூட்டிய பதினேழாவது நாளே அலமாரி உப்பிப் போனது என்று கேட்டதற்கு, அதை விற்ற கடையிலிருந்து இன்று மதியம் வந்த பதில் இது: "அக்கா, நீங்களே பொருத்தினீங்க. அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல." அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. 2,380 வெள்ளி வாங்கியவருக்கு ஒரு போன் எடுக்க நேரமில்லை.

நானும் அம்மாவும் இருப்பது சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய 36 சதுர மீட்டர் ஈரறை ஃபிளெக்ஸி வீடு. சமையலறையில் ஒரே சுவர், 2.1 மீட்டர் நீளம். அதில் பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, காய் நறுக்க ஒரு இடம், எல்லாம் அடங்க வேண்டும். சாவி வாங்கியதும் வீடு புதுப்பிக்கும் இரண்டு குத்தகையாளர்களிடம் கேட்டேன். இருவரும் சமையலறைக்கு மட்டுமே 6,000 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். என் சம்பளத்துக்கு அது முடியாது. சரி, பலகைகளைப் பெட்டியில் வாங்கி நாமே பூட்டிக்கொள்வோம் என்று இணையத்தில் தேடியதில்தான் இந்தக் கடை கிடைத்தது. பெயர் போடவில்லை. இணையத்தில் விளம்பரம் செய்துவிட்டு, தொழிற்பேட்டைக் கட்டடத்தில் ஒரு சின்ன அறையில் மாதிரி வைத்திருக்கும் வகைக் கடை என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். விற்பனைக்கு இருந்தவர் நல்ல தமிழில் பேசினார். அம்மாவுக்கு உட்கார நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "சமைக்கறது அம்மாவா? அப்ப மேடையை 85 சென்டிமீட்டருக்கு வைங்க, 90 உயரம் அவங்களுக்குக் கை வலிக்கும்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அலமாரி பொருத்த வீவக அனுமதி வேண்டியதில்லை என்றும் சொன்னார். அது உண்மைதான், நானும் பார்த்துவைத்திருந்தேன். ஒன்று உண்மையாக இருந்ததால் மற்றதையும் நம்பினேன்.

மேசைமேல் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீருக்குள் ஒரு பலகைத் துண்டு மூழ்கிக் கிடந்தது. "ரெண்டு வாரமா ஊறுது, தொட்டுப் பாருங்கக்கா" என்று எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அம்மாவும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஏமாந்தது அந்த நிமிடத்தில்தான். கையில் இருந்தது ப்ளைவுட். வீட்டுக்கு வந்தது வேறு.

கீழ் அலமாரி மூன்று, மேல் அலமாரி இரண்டு, மேடைப் பலகை. மொத்தம் 2,530. இன்றைக்கே முழுசாகக் கட்டினால் 150 தள்ளுபடி. கட்டிவிட்டேன், 2,380 வெள்ளி, பேநவ் என்ற உடனடிப் பணமாற்றுச் சேவை வழியாக, அவர் சொன்ன கைப்பேசி எண்ணுக்கு. நிறுவனத்தின் பதிவு எண்ணுக்கு இல்லாமல் தனி ஆளின் எண்ணுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இரசீதில் பலகையைப் பற்றி இருந்த ஒரே வரி 'தண்ணீர் தாங்கும் பலகை'.

இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்றது ஐந்து வாரம் ஆனது. வந்த ஓட்டுநர் பெட்டிகளைக் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நானும் அண்ணன் மகனும் மின்தூக்கியில் ஏழு நடை ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டினோம். தண்ணீர்க் குழாய் இணைப்புக்கு மட்டும் உரிமம் உள்ளவரை வரவழைத்தேன். அன்று இரவு அம்மா அந்த மேடையில் பால் காய்ச்சினார். எனக்குக் கண் கலங்கியது.

பதினேழாவது நாள். தொட்டிக்குக் கீழே இருந்த கதவு மூடவில்லை. குனிந்து பார்த்தேன். பக்கப் பலகையின் அடிப்பாகம் தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிப் போயிருந்தது. மேலே ஒட்டிய தாள் கொப்பளித்துப் பிரிந்திருந்தது. நகத்தால் கீறினேன், மரத்தூள் உதிர்ந்து விழுந்தது. குழாயில் கசிவு இல்லை, டிஷ்யூ சுற்றிவைத்து இரண்டு நாள் பார்த்தேன். நம் வீடுகளில் வாரம் ஒருமுறை சமையலறைத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவோமே, அந்த ஈரம்தான். தொட்டிக்காக வெட்டிய இடத்தையும் பார்த்தேன். வெட்டுவாயில் ஒரு பூச்சுகூட இல்லை, பச்சையாக விட்டிருக்கிறார்கள்.

படம் எடுத்து அனுப்பினேன். முதலில் "பார்க்கிறேன்கா". நான்கு நாள் கழித்து "மேனேஜர் வெளியூர்". அப்புறம் "தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கேன்". ஒரு வாரம் மௌனம். நேரில் போனேன், கடை பூட்டியிருந்தது. பிறகு "நீங்க தண்ணிய ஊத்தியிருப்பீங்க". அம்மாவுக்கு நாற்காலி போட்டவர்தான் இதை எழுதுகிறார்! சமையலறையில் தண்ணீர் படாமல் எப்படி இருக்கும் தம்பி என்று கேட்டேன். அதற்குத்தான் இன்று மதியம் "நீங்களே பொருத்தினீங்க" என்று பதில். நாமே பொருத்தலாம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? அவர்கள் கொடுத்த தாளில் உள்ளபடி, அவர்கள் கொடுத்த ஆணியைக் கொண்டு, அவர்கள் போட்ட ஓட்டையில்தானே பூட்டினோம்? 2,380 வெள்ளி. அம்மா இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது.

குறைந்த செலவில் சமையலறை அமைப்பது எப்படி என்று விரிவாக எழுத வேண்டும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இவற்றையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகையின் வெட்டுவாயைப் பாருங்கள். ப்ளைவுட் என்றால் அடுக்கடுக்காக வரி தெரியும். துகள் பலகை என்றால் தூளை அழுத்திவைத்த மாதிரி இருக்கும். துகள் பலகையே கூடாது என்று நான் சொல்லவில்லை, படுக்கையறையில் துணி வைக்க அது போதும். தொட்டிக்குக் கீழே வேண்டாம். என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர் என்று இரசீதில் எழுதச் சொல்லுங்கள். பலகை தரையைத் தொடாமல் பிளாஸ்டிக் கால் உள்ளதாக வாங்குங்கள். தொட்டிக்கு வெட்டிய ஓரத்தைச் சிலிகான் போட்டு அடைத்த பிறகே பூட்டுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் சரி. தனி ஆளின் எண்ணுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: குறையுள்ள பொருளை வாங்கியவர்களைப் பாதுகாக்கும் லெமன் சட்டம் இங்கே 2012 முதல் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் உதவி கேட்கலாம். சிறு கோரல்கள் நடுவர் மன்றத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், இணையத்திலேயே பதியலாம்.

அலமாரியின் சாய்ந்த பக்கத்துக்கு இப்போது ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். இரசீது, பேநவ் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், உப்பிய பலகையின் பதினோரு படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். அம்மா தூங்கியதும் மனுவைப் பதியப் போகிறேன்.