பணி ஓய்வுக் கொண்டாட்டம்: கடல் கப்பலா, ஆற்றுக் கப்பலா?

பணி ஓய்வு பெறும் கணவரையோ மனைவியையோ கப்பலில் கூட்டிப்போக ஆசை, ஆனால் சக்கர நாற்காலியும் கூடவே வர வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

அறை: பெரிய கடல் கப்பல்களில் அகலக் கதவும் படியில்லாத குளியலறையும் கொண்ட அறைகள் தனியே உண்டு. கொஞ்சம்தான், சீக்கிரம் நிரம்பிவிடும். ஆற்றுக் கப்பலில் அப்படி ஓர் அறை கிடைப்பதே அரிது.

லிஃப்ட்: கடலில் பெரும்பாலான தளங்களுக்கும் போகும். ஆற்றில், இருந்தாலும் மொட்டைத்தளம் வரை பெரும்பாலும் போகாது.

கரை இறங்குவதுதான் உண்மையான சோதனை. கிரேக்கத் தீவான சாண்டோரினி போன்ற இடங்களில் கடல் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை அனுப்பும். ஆடும் படகில் கனமான மின் சக்கர நாற்காலியை ஏற்ற மறுக்கலாம். அதனால் எல்லா ஊரிலும் கப்பல் துறைமுகத்திலேயே கரையை ஒட்டி நிற்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். ஐரோப்பாவின் ரைன், டான்யூப் ஆறுகளிலோ கப்பல்கள் ஒன்றையொட்டி ஒன்று நிற்பதுண்டு. பக்கத்துக் கப்பலுக்குள் புகுந்து, படி ஏறி இறங்கித்தான் கரை சேர முடியும். நீர்மட்டம் மாறினால் இறங்கு பலகையும் செங்குத்தாகிவிடும்.

செலவு: ஆற்றுப் பயணம் பொதுவாக அதிகம், ஊர் சுற்றிக் காட்டுவது பெரும்பாலும் அதில் அடக்கம்.

முழு நேரமும் நாற்காலியில் இருப்பவருக்குக் கடல் கப்பல்தான், யோசிக்கவே வேண்டாம். கைப்பிடித்து நாலு படி ஏற முடியும், நாற்காலியும் மடியும் என்றால் சரி, ஆற்றுக் கப்பலைத் தாராளமாக விசாரிக்கலாம்.