பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த ஓபிடி-2 ஸ்கேனர் கண்டிப்பா வேணும்

செகண்ட் ஹேண்ட்ல வாங்குன என் டூ சீட்டர் ஐடில்ல நடுங்கும், செக் இன்ஜின் லைட்டும் அணையவே மாட்டேங்குது, மெக்கானிக் பார்த்துட்டு ஆக்சிஜன் சென்சார் மாத்திடலாம்னாரு, எனக்கு மனசு ஒப்பல, அப்பதான் காரோட கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிச்சு ஃபோன்ல காட்டுற இந்த ப்ளூடூத் ஸ்கேனர வாங்குனேன். பி0171னு கோடு வந்துச்சு, அதாவது காத்து அதிகம் பெட்ரோல் கம்மி. கோட மட்டும் நம்பி பார்ட்ஸ் மாத்தாதீங்க ப்ளீஸ், இன்ஜின் ஓடுறப்பவே காட்டுற லைவ் டேட்டாதான் இதுக்கு உயிரே. ஐடில்ல ஃப்யூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல எவ்ளோ கூட்டிக் குறைக்குதுங்கற அளவு, +22%, 2,500 ஆர்பிஎம்ல வச்சா +5%க்கு இறங்குது. அப்படி இறங்குனா பெரும்பாலும் வேக்யூம் லீக்குதான், அதாவது எங்கயோ ஓட்டை வழியா இன்ஜினுக்குள்ள கூடுதலா காத்து போகுது.

இன்ஜின ஆறவிட்டு, காத்த உள்ள கொண்டுபோற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில விரல விட்டு தடவுனா ஒரு ரப்பர் ஹோஸ், வளையுற இடத்துல அடிப்பக்கம் மட்டும் நகம் நுழையுற அளவுக்கு வெடிப்பு, மேல பார்த்தா புதுசு மாதிரியே இருக்கு! அத மாத்தினதும் ட்ரிம் 3%க்குள்ள வந்துடுச்சு, நடுக்கமும் போச்சு, அன்னைக்கு நைட்டு நிம்மதியா தூங்குனேன்.

குறைன்னா ஏபிஎஸ், ஏர்பேக் கோடெல்லாம் இது படிக்காது, ஆப்பும் அப்பப்ப கட் ஆகுது. ஆனா பழைய கார் பார்க்கப் போறப்பவே கையோட எடுத்துட்டு போங்க, விக்கிறவங்க கோட அப்பதான் அழிச்சிருந்தா ரெடினெஸ் மானிட்டர், அதாவது கார் தன்னையே சோதிச்சுக்கற டெஸ்ட், இன்னும் முடியலன்னு காட்டிக் குடுத்துடும்.